ரூட்டர் தாங்குமா? டார் ரிலே: கேள்வி-பதில்

கேள்வி: ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் டார் ரிலே (பிறரின் இணையத் தகவலை அடையாளம் மறைத்துக் கடத்தும் கணு) ஓட்டுகிறேன். முதல் வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் சாயங்காலம் வைஃபை சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறப்பதில்லை. ரூட்டரை அணைத்துப் போட்டால் சில மணி நேரம் சரியாக இருக்கிறது. நெட் கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே தடுக்கிறார்களா?
— வாசகர், மயூர் விஹார் ஃபேஸ் 1

பதில்: தடுக்கவில்லை. அடுத்த முறை இப்படி ஆகும்போது ரூட்டரைத் தொடாமல் ஒன்றைக் கவனியுங்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் வீடியோ கால் அறுபடாமல் ஓடும். அதே நேரத்தில் பக்கத்து அறையில் யாராவது புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தால் அது சுற்றிக்கொண்டே நிற்கும். இரண்டும் சேர்ந்து நடந்தால் லைனில் கோளாறு இல்லை, ரூட்டரில்தான்.

வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் ரூட்டர் தன் அட்டவணையில் ஒரு வரி எழுதி வைக்கிறது. அட்டவணை நிரம்பிவிட்டால் பழைய வரிகள் பிழைத்திருக்கும், புதிய வரிக்கு இடம் இருக்காது. தளத்தின் முகவரியைக் கேட்டுப் போகும் டி.என்.எஸ். விசாரிப்பும் ஒரு புதிய வரிதான். அதனால்தான் முதலில் அது படுத்துக்கொள்கிறது, உங்களுக்கு நெட்டே போய்விட்டதாகத் தெரிகிறது. சாதாரணக் குடும்பத்தின் போன்கள், டி.வி., லேப்டாப் எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு வரிகள்தான் வரும். எக்சிட் (வெளித்தளங்களைத் தொடும் கடைசி ரிலே) அல்லாத ரிலேயே ஒரே சமயத்தில் 7,000 இணைப்புகளையாவது தாங்க வேண்டும் என்று டார் திட்டத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. வீட்டு ரூட்டர் இதில் திணறிப்போகலாம் என்றும் அதே இடத்தில் எச்சரிக்கிறது. அதைப் படிக்காமல் ரிலே போடுகிறவர்கள்தான் அதிகம்.

முதல் வாரம் ஏன் சும்மா இருந்தது என்றால், புதிய ரிலேயை டார் வலைப்பின்னல் உடனே நம்பாது. டாரை உருவாக்கியவர்களில் ஒருவரான ரோஜர் டிங்கிள்டைன் 2013-ல் எழுதிய விளக்கத்தின்படி, முதல் 3 நாள் ரிலே அளக்கப்படாமல் கிடக்கும். 8-ஆம் நாள் வரை தொலைவிலிருந்து அளக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் 'கார்டு' (பயனாளி முதலில் தொடும் ரிலே) தகுதி கிடைத்து, பயனாளிகள் மெல்ல மெல்ல வந்து சேர்கிறார்கள். உங்கள் மூன்றாவது வாரம் இதோடு பொருந்துகிறது.

எல்லோரும் செய்யும் தப்பு, உடனே வேக வரம்பைக் குறைப்பது. வேகம் பாதியானால் இணைப்புகளின் எண்ணிக்கை பாதியாகாது. கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் போடக்கூடிய, 256 எம்.பி.யாவது மெமரி உள்ள சொந்த ரூட்டரை வையுங்கள். அதில் கான்ட்ராக் (அந்த இணைப்பு அட்டவணை) உச்சவரம்பை உயர்த்திவிட்டு, இப்போது எத்தனை வரிகள் ஓடுகின்றன என்று சாயங்கால நேரத்தில் பாருங்கள். ரூட்டர் வாங்க வசதியில்லை என்றால் ரிலேயை நிறுத்திவிட்டு டாரின் பிரிட்ஜாக (பொதுப் பட்டியலில் வராத நுழைவாயில்; ரூட்டரின் பிரிட்ஜ் மோடு வேறு) மாறுங்கள். பிரிட்ஜுக்கு இவ்வளவு கூட்டம் வராது.

கேள்வி: போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறேன். ஆனாலும் வெளியிலிருந்து எட்ட முடியவில்லை என்றே லாக் சொல்கிறது. ரூட்டரின் வான் (WAN, வெளிப்பக்க) முகவரி 100.72 என்று தொடங்குகிறது.
— வாசகர், துவாரகா செக்டர் 10

பதில்: விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் கம்பெனியின் உள்வீட்டு முகவரிகள். இதற்கென்றே 2012-ல் ஒதுக்கப்பட்டவை. பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் தெருக்கதவு கம்பெனியின் கையில். மாதக் கட்டணம் கட்டி ஸ்டாடிக் ஐ.பி. கேளுங்கள். கிடைக்காவிட்டால் கடைசிக் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எனக்கு ஐ.பி.வி.6 முகவரி நேரடியாகவே கிடைக்கிறது. அதை மட்டும் வைத்து ரிலே ஓட்டலாமா?
— வாசகர், கரோல் பாக்

பதில்: முடியாது. ரிலேக்குப் பொது ஐ.பி.வி.4 கட்டாயம். ஐ.பி.வி.6-ஐக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அண்ணா, நான் ஹாஸ்டலை விட்டு அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவன். போர்ட் ஃபார்வர்டிங் புரியவில்லை. யூடியூபில் பார்த்து ராஸ்பெரி பையை டி.எம்.இசட்.டில் போட்டுவிட்டேன். ரிலே உடனே வேலை செய்தது. அப்படியே விட்டுவிடலாமா?
— வாசகர், முனிர்கா

பதில்: தம்பி, இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதை அணை. டி.எம்.இசட். போட்டால் உன் ராஸ்பெரி பையின் எல்லா போர்ட்டும் ஊர் முழுவதற்கும் திறந்து கிடக்கும். ரிலேயின் முகவரி உலகத்துக்குத் தெரிந்த பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்துக் கதவு தட்டும் தானியங்கி நிரல்கள் ராப்பகலாக ஓடுகின்றன. பழைய கடவுச்சொல்லோடு எஸ்.எஸ்.எச். திறந்திருந்தால் பெட்டி உன்னுடையதாக இருக்காது. ரிலே ஓட்டுகிறவன் தன்னை நம்பி வரும் மற்றவர்களின் பாதுகாப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரூட்டரின் டி.எச்.சி.பி. பக்கத்தில் ராஸ்பெரி பைக்கு நிலையான உள்முகவரி ஒதுக்கு. இல்லாவிட்டால் ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு முகவரி மாறி, நீ திறந்த போர்ட் வேறு யாருடைய போனையோ காட்டிக்கொண்டிருக்கும். பிறகு ஒரே ஒரு டி.சி.பி. போர்ட்டைத் திற. எஸ்.எஸ்.எச்.சுக்குச் சாவிக் கோப்பு வை, கடவுச்சொல் உள்நுழைவை மூடு. ரூட்டரின் அட்மின் கடவுச்சொல் இன்னும் அட்மின்தான் என்றால் அதையும் இன்றைக்கே மாற்று. போர்ட் ஃபார்வர்டிங் புரியவில்லை என்றால் புரியும்வரை ரிலே போடாதே. அரை மணி நேரத்தில் புரிகிற விஷயம்தான்.

கேள்வி: வீட்டு வைஃபையில் இருந்தபடியே என் பொது முகவரியையும் போர்ட்டையும் தட்டிப் பார்த்தேன். மூடியிருக்கிறது என்கிறது.
— வாசகர், படேல் நகர்

பதில்: வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். உள்ளேயிருந்து வெளியே போய்த் திரும்பி வரும் பாதையைப் பல ரூட்டர்கள் அனுமதிப்பதில்லை. லாக்கில் 'வெளியிலிருந்து எட்ட முடிகிறது' என்ற வரி வந்துவிட்டால் வேறு சோதனையே தேவையில்லை.

கேள்வி: என்னுடையது 200 எம்.பி.பி.எஸ். ஃபைபர், அன்லிமிடெட் திட்டம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எதற்கு வீணாகப் போக வேண்டும் என்று ரிலேக்கு வரம்பே வைக்கவில்லை. மாதம் முடிவதற்குள் வேகம் படுத்துவிட்டது. கடைசி நாட்களில் ரிலேயை அணைத்துவிட்டு, ஒன்றாம் தேதி மறுபடி போடுகிறேன். சரிதானே?
— வாசகர், ஜனக்புரி சி பிளாக்

பதில்: சரியில்லை. ரிலே ஓட்டுகிறவர்களில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அன்லிமிடெட் என்று விற்கும் பல ஃபைபர் திட்டங்களின் சிறு எழுத்தில் மாதம் 3,300 ஜி.பி. என்ற உச்சவரம்பு இருக்கிறது. போவதும் வருவதும் சேர்த்தே எண்ணுவார்கள். ரிலேயோ வாங்கியதை அப்படியே வெளியே தள்ளுகிற யந்திரம். ஒவ்வொரு பைட்டும் இரண்டு தடவை கணக்கில் ஏறும். 10 எம்.பி.பி.எஸ். வேகத்தில் 30 நாள் இடைவிடாமல் ஓடினால் ஒரு திசையில் 3,240 ஜி.பி., இரண்டு திசையும் சேர்த்து 6,480 ஜி.பி. ரிலேக்குக் குறைந்தபட்சம் 10 எம்.பி.பி.எஸ். இருக்க வேண்டும் என்பது டார் திட்டத்தின் நிபந்தனை. ஆக 3,300 ஜி.பி. திட்டத்தில், நிரம்பி ஓடும் ரிலேக்கு இடமே இல்லை. பிரிட்ஜுக்கு 1 எம்.பி.பி.எஸ். போதும், இரண்டு திசையிலும் 648 ஜி.பி.தான் வரும். 3 எம்.பி.பி.எஸ். கொடுத்தாலும் 1,944 ஜி.பி.; உங்கள் இருவருக்கும் 1,300 ஜி.பி.க்கு மேல் மிஞ்சும்.

டாரின் அமைப்புக் கோப்பில் அக்கவுன்டிங் மேக்ஸ் என்ற வரியை 3,000 ஜி.பி. என்று போட்டுவிட்டுத் தைரியமாக இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டார் அதை எண்ணும் இயல்பான முறை, போனது வந்தது இரண்டில் எது பெரியதோ அதை மட்டும். உங்கள் கம்பெனியின் மீட்டரில் அது 6,000 ஆகிவிடும். கூட்டி எண்ணும்படி அக்கவுன்டிங் ரூல் வரியை மாற்றுங்கள். வேக வரம்பில் பிட்டா பைட்டா என்பதையும் பாருங்கள். 3 மெகாபிட் எழுத வேண்டிய இடத்தில் 3 மெகாபைட் எழுதினால் எட்டு மடங்கு போய்விடும்.

இனி முக்கியமானது. உங்கள் ரிலே வழியாகப் போகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு. ஆனால் அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். தன் நாட்டில் தடைசெய்யப்பட்ட செய்தித்தளத்தைப் படிக்கிறவராக இருக்கலாம். கணவனுக்குத் தெரியாமல் உதவி தேடும் பெண்ணாக இருக்கலாம். டார் மென்பொருள் தனக்கென்று ஒரு கார்டு ரிலேயைத் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் அதையே பிடித்துக்கொள்கிறது. அந்தக் கார்டு நீங்களாக இருந்தால், மாதம் பத்து நாள் காணாமல் போவது அவரை நட்டாற்றில் விடுவதற்குச் சமம். ரிலே அணைந்த நொடியில் அதன் வழியே போய்க்கொண்டிருந்த அத்தனை பாதைகளும் அறுந்துபோகும். வலைப்பின்னலும் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. 'ஸ்டேபிள்', 'கார்டு' ஆகிய கொடிகள் வேகத்துக்காக மட்டும் கிடைப்பதில்லை, விழாமல் ஓடும் பழக்கத்துக்காகவும்தான் கிடைக்கின்றன.

நம் ஊரிலேயே இது தொடர்பான ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. ஓக்லா ஃபேஸ் 3-ல் இருக்கும் ஐ.ஐ.ஐ.டி. டெல்லியில் சம்புத்தோ சக்ரவர்த்தி உள்ளிட்ட ஆய்வாளர்கள், டார் வழியே குரல் அழைப்பு சாத்தியமா என்று அளந்து 2020-ல் வெளியிட்டார்கள். தாமதம் அதிகம், பேச முடியாது என்பதுதான் அதுவரை பரவலான நம்பிக்கை. பெரும்பாலான அழைப்புகள் நல்ல தரத்தில் இருந்ததை அவர்கள் காட்டினார்கள். அப்படிப் பேசிக்கொண்டிருக்கிற ஒருவரின் அழைப்பு, நீங்கள் கட்டிக்கொடுத்த பாதையில் நடுவில் அறுந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

எப்போதாவது பறந்து வரும் ஏ.சி. பஸ்ஸைவிட, மெதுவாக வந்தாலும் தினமும் தவறாமல் வரும் பஸ்தான் வேலைக்குப் போகிறவருக்கு வேண்டும். பிரிட்ஜாக மாறி 3 எம்.பி.பி.எஸ். கொடுங்கள், 365 நாளும் கொடுங்கள். அதுவே பெரிய தொண்டு.

கேள்வி: என் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போகுமுன் டி.வி.க்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, 'இது டார் ரிலே, அணைக்காதே அம்மா' என்று சொல்லிவிட்டுப் போனான். டார்க் வெப், போலீஸ் வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். கனெக்‌ஷன் என் பெயரில் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை.
— வாசகி, ஆர்.கே. புரம் செக்டர் 4

பதில்: அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். இன்றைக்கே மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது எக்சிட்டா, இல்லையா?' டாரில் ஒருவருடைய தகவல் மூன்று ரிலேக்களைத் தாண்டிப் போகிறது. மூன்றாவதாக இருப்பதுதான் எக்சிட். வெளியே இருக்கும் தளத்துக்கு அதன் முகவரிதான் தெரியும். யாராவது தப்புச் செய்தால் விசாரணை வருவது அந்த முகவரிக்கு. முதலாவதாகவோ நடுவிலோ இருக்கும் ரிலே, பூட்டிய பொட்டலத்தை வாங்கி அடுத்த ரிலேயிடம் கொடுப்பதோடு சரி. உள்ளே இருப்பதை அதனால் படிக்க முடியாது. அமைப்புக் கோப்பில் எக்சிட் ரிலே 0 என்ற வரி இருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

எக்சிட் என்று மகன் சொன்னால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், அவனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். வீட்டில் எக்சிட் வைக்காதே என்று டார் திட்டமே சொல்கிறது. மாஸ்கோவின் கணித ஆசிரியர் டிமித்ரி போகதோவ் வீட்டில் எக்சிட் வைத்திருந்தார். வேறு யாரோ அதன் வழியே எழுதியதற்காக 2017 ஏப்ரலில் அவரைக் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு வழக்கு கைவிடப்பட்டது, ஆனால் அதற்குள் அவர் பட்டது பட்டதுதான். ஆஸ்திரியாவில் எக்சிட் ஓட்டிய வில்லியம் வெபர் 2014-ல் தண்டிக்கப்பட்டார்.

டார் என்றாலே குற்றம் என்பது தவறு. இதன் வேர் 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. இன்று நடத்துவது 2006-ல் தொடங்கிய லாப நோக்கற்ற நிறுவனம். அமெரிக்காவின் லெபனான் என்ற ஊரில் கில்டன் பொது நூலகம் 2015-ல் ரிலே வைத்தது. போலீஸ் கவலை தெரிவித்ததும் நிறுத்தினார்கள். ஊர்மக்கள் பேசியதும் செப்டம்பரில் நூலகக் குழு மறுபடி ஓட்ட முடிவு செய்தது. நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமையைத் தொழில்நுட்பத்தால் காக்கும் முயற்சிகளில் உங்கள் டி.வி.க்குப் பின்னால் இருப்பதும் ஒன்று.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 28-ல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் ஆணை வெளியிட்டது. வி.பி.என். நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. வாடிக்கையாளரே இல்லாத வீட்டு ரிலேக்கு அது பொருந்துமா என்பதை என்னைப் போன்ற ரூட்டர்காரனிடம் கேட்காதீர்கள். இணைய உரிமை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். எஸ்.எஃப்.எல்.சி., இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் இரண்டும் டெல்லியிலேயே இருக்கின்றன. கனெக்‌ஷன் உங்கள் பெயரில் இருப்பதால் முடிவும் உங்களுடையதுதான். மகன் உங்களைக் கேட்டுவிட்டு வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளே, அம்மா அப்பா பெயரில் இருக்கும் லைனில் அவர்களிடம் விளக்காமல் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: ரிலே போட்ட பிறகு என் வங்கியின் தளம் திறப்பதில்லை. மொபைல் டேட்டாவில் திறக்கிறது.
— வாசகர், ரோஹிணி

பதில்: ரிலே முகவரிகளின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. எக்சிட் எது, நடு ரிலே எது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை இல்லாத தளங்கள் மொத்தமாகத் தடுத்துவிடுகின்றன. வீட்டில் மற்றவர்களும் அந்த லைனில்தான் பணம் கட்ட வேண்டும் என்றால் பிரிட்ஜுக்கு மாறுங்கள். பிரிட்ஜ் முகவரிகள் பொதுப் பட்டியலில் வராது. ஆனால் அதே ஐ.பி.யில் மாறாதீர்கள். நேற்றுவரை பட்டியலில் இருந்த முகவரியைத் தடை செய்கிறவர்களும் குறித்து வைத்திருப்பார்கள். புதிய முகவரி வாங்கிக்கொண்டு, டாரின் வழக்கமான 9001 அல்லாத போர்ட்டில் தொடங்குங்கள்.

கேள்வி: மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ரிலே ஓட்டலாமா?
— வாசகர், நொய்டா

பதில்: வேண்டாம்.

கேள்வி: மொட்டைமாடி பர்சாத்தியில் தங்கியிருக்கிறேன். மே, ஜூனில் மத்தியானம் ஆனால் ரூட்டர் தானாகவே அணைந்து எழுகிறது. ரிலேயின் சுமைதான் காரணமா?
— வாசகர், லாஜ்பத் நகர்

பதில்: வெயில்தான் முதல் காரணம். வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரை ஓடத்தான் செய்யப்பட்டவை. டெல்லி மே மாதத்தில் வெளியே 45-ஐத் தொடும்போது தகரமோ மெல்லிய கான்கிரீட்டோ கூரையான அறைக்குள் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெபிலைசர் மேலேயும் ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்திலும் ரூட்டரை வைத்திருக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பெட்டியைச் சுவரில் உயரமாக மாட்டாமல் தரையோரம், நிழல் பக்கச் சுவரில், நான்கு பக்கமும் காற்றுப் படும்படி வையுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் ஃபைபரைக் கீழ் மாடியில் முடித்துவிட்டு அங்கிருந்து ஈதர்நெட் கேபிள் மட்டும் மேலே இழுங்கள்.

ரூட்டருக்கும் ராஸ்பெரி பைக்கும் மினி யு.பி.எஸ். வாங்குங்கள், கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில்தான் எஸ்.டி. கார்டுகள் சாகின்றன. கார்டு செத்தால் ரிலேயின் அடையாளச் சாவிகளும் போய்விடும். டார் தரவு அடைவுக்குள் இருக்கும் 'கீஸ்' அடைவை இன்றைக்கே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். சாவி இருந்தால் புதிய கார்டில் போட்டுப் பழைய பெயரோடும் சம்பாதித்த நம்பிக்கையோடும் தொடரலாம். இல்லாவிட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. ஸ்டாடிக் ஐ.பி. கேட்டேன், என் திட்டத்துக்குக் கிடையாது என்றுவிட்டார்கள். ரூட்டரும் பழசு. ஸ்னோஃப்ளேக் போடுங்கள் என்கிறார் ஒரு தோழி. அது வெறும் பிரவுசர் நீட்சிதானே, அதனால் யாருக்காவது பயன் உண்டா?
— வாசகி, பஸ்சிம் விஹார்

பதில்: தாராளமாக உண்டு. 2021 டிசம்பரில் ரஷ்யா டாரைத் தடுக்கத் தொடங்கியபோதும், 2022 செப்டம்பரில் மஹ்சா அமினியின் மரணத்துக்குப் பிறகு ஈரானில் போராட்டம் வெடித்து அரசு இணையத்தை நெரித்தபோதும், அந்த மக்களில் பலர் ஸ்னோஃப்ளேக் வழியாகத்தான் டாருக்குள் வந்தார்கள். அவர்களைக் கைதூக்கி விட்டது உங்களைப் போன்றவர்களின் வீட்டுப் பிரவுசர்கள்.

இதற்குப் போர்ட் திறக்க வேண்டாம், ஸ்டாடிக் ஐ.பி. வேண்டாம். பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் இருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். உங்கள் முகவரி ரிலே பட்டியலில் ஏறாது. ஸ்னோஃப்ளேக் வழியே வருகிறவரை நீங்கள் டாரின் வாசல்வரை கொண்டுவிடுகிறீர்கள். வெளித்தளங்களுக்கு உங்கள் முகவரி தெரிவதில்லை. ஒரே சமயத்தில் வருகிறவர்களும் கொஞ்சம்தான் என்பதால் பழைய ரூட்டரும் தாங்கும். டெல்லியில் வீட்டு லைன் வைத்திருப்பவர்கள் பெரும்பாலோருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன், அடுத்து பிரிட்ஜ், அதற்கும் பிறகுதான் ரிலே.

ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ டார் திட்டத்தின் பெயரில் இருக்கும் நீட்சியை மட்டும் போடுங்கள். கம்ப்யூட்டர் தானாக உறங்கிவிடாதபடி அமைப்பை மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து வீட்டில் நெட் வேகம் குறைந்ததா என்று பாருங்கள். குறைந்திருந்தால் எழுதுங்கள், சரிசெய்யலாம்.